நாற்பது அணாவுக்கு நடுங்குவதா?

தம்பி, உன் திரையில் ஓர் எண் நிற்கிறது: 05:8123. நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டு இயந்திரத்துக்கு நீ எழுதும் விளையாட்டில் உன் வீரனின் படம் அந்த முகவரியில் இருப்பதாக டீபக்கர் காட்டுகிறது. ரோம் கோப்பைத் திறந்தால் அப்படி ஓர் இடமே இல்லை. அது பூஜ்யத்தில் தொடங்கி ஒரே ஓட்டமாக ஓடுகிறது. உடனே முகவரி மாற்றித் தரும் கருவியைத் தேடி ஓடுகிறாய். எண்ணைப் போடுகிறாய், விடையை அள்ளிக்கொள்கிறாய். ஏன் அந்த விடை வந்தது என்று கேட்டால் "எனக்குக் கணக்கு வராது" என்கிறாய்.

வராது என்று உனக்கு யார் சொன்னது?

சென்னையில் ஒரே வாசலில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். வீடு நகரவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. உன் வீரனும் அப்படித்தான் இருக்கிறான். செயலி அவனை ஓர் எண்ணால் அழைக்கிறது, கோப்பு வேறோர் எண்ணால் அழைக்கிறது.

1990 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வெளியான அந்த இயந்திரத்தின் செயலிக்கு 24 இலக்க இருநிலை முகவரி. 1,67,77,216 பைட்டுகளை அதனால் சுட்ட முடியும். அந்தப் பரப்பை 64 கேபி கொண்ட 256 பேங்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். 05 என்பது பேங்க். 8123 என்பது அதற்குள் இடம். லோரோம் வகை கேட்ரிட்ஜ் அட்டையில் விளையாட்டின் பைட்டுகள் பேங்கின் மேல் பாதியில், 8000-இலிருந்து தெரியும். அதனால் ஒரு பேங்குக்கு ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், 8000 பைட்டுகள்தான் கிடைக்கும். ஏ15 என்ற முகவரிக் கம்பி அந்த அட்டையில் ரோம் சில்லின் முகவரிக் கால்களுக்குப் போவதே இல்லை. அந்தக் கம்பியின் மதிப்பு என்ன தெரியுமா? ஹெக்ஸில் 8000! மாற்றும்போது நீ கழிக்கும் 8000 அந்தக் கம்பிதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதே, கம்பியைப் பார்!

இப்போது கணக்கு. பேங்க் எண்ணை 8000-ஆல் பெருக்கு. 8123-இல் 8000 போக மிச்சம் 123, அதைக் கூட்டு. அவ்வளவுதான்.

"ஹெக்ஸில் எப்படிப் பெருக்குவது?" என்று பின்வாங்குகிறாயா? 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை இந்த நாட்டில் ரூபாய்க்குப் பதினாறு அணா. காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போன பெண்கள் தாளும் பென்சிலும் இல்லாமல் பதினாறில் கணக்குப் போட்டார்கள். ஐயெட்டு நாற்பது. நாற்பது அணா என்றால் இரண்டு ரூபாய் எட்டணா. இரண்டு, எட்டு: 28! பின்னால் மூன்று சுழியம் போடு, 28000. அதோடு 123. கோப்பில் உன் வீரன் 28123-இல் நிற்கிறான். பத்து முதல் பதினைந்து வரை ஏ முதல் எஃப் வரை எழுதுகிறார்கள் என்பது மட்டும்தான் புதிது. உன் பாட்டியின் பாட்டிக்குக் கைவந்தது உனக்கு வராதா?

நானும் தோற்றிருக்கிறேன். மூன்று இரவுகள் என் படம் துண்டு துண்டாகச் சிதறியது. கணக்கு சரி, கோப்பில்தான் சிக்கல். அட்டையை நகலெடுக்கும் பழைய கருவிகள் கோப்பின் தலையில் 512 பைட்டுகளை ஒட்டிவிடும். எல்லா வீட்டு எண்ணும் ஹெக்ஸில் 200 தள்ளிப்போகும். 28123 போய் 28323 ஆகிவிடும். கோப்பின் அளவை 1024-ஆல் வகுத்துப் பார்த்தேன், 512 மிச்சம் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்! முகவரி மாற்றும் கருவியை மட்டும் நம்பியிருந்தால் அந்த 512 எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. தவறை நீயே பிடிக்கும் அந்த நொடியில் பிறப்பதுதான் தன்னம்பிக்கை. அதை யாரும் உனக்கு ஊட்ட முடியாது.

ஸ்டீவ் வாஸ்னியாக்கைப் பார். ஆப்பிள் 1 கணினிக்கு அவர் பேசிக் மொழியை எழுதியபோது அவரிடம் அசெம்பிளர் இல்லை. அதற்கு முன் எந்தக் கணினி மொழியையும் அவர் உருவாக்கியதில்லை. காகிதத்தில் நிரலை எழுதி, ஒவ்வொரு கட்டளைக்கும் ஹெக்ஸ் எண்ணைத் தன் கையாலேயே எழுதினார். தாவல்களுக்கான தூரத்தையும் கையால் கணக்கிட்டார். அந்தக் கணினியின் செயலி 6502 சில்லு. உன் சூப்பர் ஃபாமிகாமின் செயலி அதே 6502-இன் வழிவந்த 65816-ஐ அடிப்படையாகக் கொண்டது. சில்லு வடிவமைப்பாளர் பில் மென்ஷ் இரண்டையும் உருவாக்குவதில் உழைத்தவர். வாஸ்னியாக் கையால் போட்ட கணக்கு உன் கைக்கும் அடங்கும்!

இன்னும் இரண்டு நினைவில் வை. பேங்க் எண் 80 அல்லது அதற்கு மேல் வந்தால் முதலில் 80-ஐக் கழி. கோப்புக்குள் முகவரியைத் தேடினால் 05 81 23 என்று தேடாதே. கடைசி பைட் முதலில் வரும், 23 81 05. ஹைரோம் அட்டைக்குக் கணக்கு வேறு. அதை அப்புறம் பார்க்கலாம்.

இன்றிரவு கருவியை மூடு, நோட்டைத் திற. 12:8400. பன்னிரண்டு என்று படிக்காதே. ஒரு ரூபாய் இரண்டணா, பதினெட்டு. பதினெட்டை எட்டால் பெருக்கி ரூபாயாக்கு, முன்போலவே மூன்று சுழியம் போட்டு 400-ஐக் கூட்டு. விடை 90400.