தோட்டத்து உரமும் மூன்று காரணமும்

கோல சிலாங்கூர், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கம் பால்மரம் நின்ற தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனைக்குப் போடும் யூரியா மலேசியாவில் இயற்கை எரிவாயுவிலிருந்து செய்யப்படுகிறது. சரவாக்கின் பிந்துலுவில் ஆசியான் கூட்டுத் திட்டமாக எழுந்த ஆலை 1985-இல் உற்பத்தியைத் தொடங்கியது.

எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அது எளிதில் எதனோடும் சேராது. நீராவியோடு கலந்து, 800 டிகிரி அளவு வெப்பத்தில் நிக்கல் மேல் செலுத்தினால்தான் ஹைட்ரஜனைக் கொடுக்கும். அந்த ஹைட்ரஜன் காற்றின் நைட்ரஜனோடு இரும்பின் மேல் கூடி அம்மோனியா ஆகிறது. யூரியா அதிலிருந்து வருகிறது. அந்த இரும்புக் கலவைக்காக ஜெர்மனியில் அல்வின் மித்தாஷ் குழு 1909 முதல் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தது.

நிக்கலும் இரும்பும் வினையூக்கிகள். வினையை நடத்திவிட்டுத் தாம் மாறாமல் நிற்பவை என்று பள்ளிப் பாடம் சொல்லும். சைவ சித்தாந்தம் படித்தவருக்கு இது பழகிய பேச்சு. கதிரவன் முன் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று வாடுகிறது, கதிரவனுக்கோ விகாரமில்லை. இறைவனும் அப்படியே ஐந்தொழில் நடத்துகிறான் என்பார்கள் சித்தாந்திகள். அப்படியானால் வினையூக்கி இறைவனுக்கு உவமை ஆகுமா?

ஆகாது. மீத்தேன் நிக்கலில் ஒட்டுகிறது, பிணைப்பு அறுகிறது, துண்டுகள் வேறாகக் கூடி விலகுகின்றன. நிக்கல் ஒவ்வொரு முறையும் வினைக்குள் இறங்கித்தான் மீள்கிறது, முழுதாகவும் மீள்வதில்லை. அதன் மேல் கரி படியும். துளி கந்தகம் பட்டாலும் செயலிழக்கும். அதனால் வாயுவை முன்கூட்டியே துத்தநாக ஆக்சைடு வழியே விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். சில ஆண்டுகளில் பழையதைக் கொட்டிப் புதியதை நிரப்ப வேண்டும். நடக்க முடியாததை நடத்தும் ஆற்றலும் அதற்குக் கிடையாது, நடக்கக்கூடியதை விரைவாக்கும்.

அதற்குரிய இடத்தையும் சித்தாந்தமே வகுத்திருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். எரிவாயு மண், நிக்கல் சக்கரம். ஆலையில் குயவன் இடத்தில் இருப்பது மனிதன்.

இந்த இடம் பிசகினால் பொறுப்பும் பிசகும். முதல் உலகப் போரில் ஜெர்மனி அதே இரும்பின் மேல் பிறந்த அம்மோனியாவை வெடிமருந்தாக்கியது. பழி சக்கரத்தைச் சேராது. இன்னொரு பக்கம், செம்பனை ஆலைக் கழிவுக் குளங்களிலிருந்து எழுந்து வானில் கலக்கும் மீத்தேனைப் பிடித்து, வாகன எரிபொருளுக்கு நிகராகச் சுத்தம் செய்யும் ஆலை வட சிலாங்கூரின் பெல்டா சுங்கை தெங்கியில் 2015-இல் தொடங்கப்பட்டது. அதுவும் மனிதர் எடுத்த முடிவே.

அறிவியல் உவமை தேடும் கோயில் சொற்பொழிவாளர்கள் வினையூக்கியைத் துணைக்காரணமாகவே சொல்லட்டும். நிமித்த காரணத்தின் பொறுப்பு யாருடையது என்பதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லட்டும்.