யாரிடம் சொல்ல வேண்டும்?

என் வகுப்பு இரண்டாவது மாடியில். படியேறி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவி ஒருத்தி, கல்யாணம் நிச்சயமான வாரத்தில் கேட்டாள்: “அம்மா, மாப்பிள்ளை வீட்டுல சொல்லித்தான் ஆகணுமா?”

அவளுக்கு ருமாட்டிக் இதய நோய். சிறுவயதில் தொண்டை வலி, பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சல். மூச்சு வாங்கியபோது, தான் வேலை பார்க்கும் வெடி ஆபீசின் மருந்து நெடி பிள்ளைக்கும் சேரவில்லை என்றுதான் அவள் அம்மா நினைத்தாராம். (சிவகாசியில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான்.) தொண்டைக் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு, இதய வால்வையே புண்ணாக்கியிருந்தது. காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி. அந்த ஊசியைத்தான் மறைக்கச் சொல்கிறது வீடு.

வாய்மை அதிகாரத்தை வருடந்தோறும் நடத்துகிறவள் நான். தீங்கில்லாத சொல்லே வாய்மை என்கிறார் வள்ளுவர். ஆனால் தீங்கு யாருக்கு? சொன்னால் கல்யாணம் நிற்கும். சொல்லாவிட்டால் ஊசி நிற்கும். கர்ப்பத்தில் உடம்பின் ரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சுருங்கிய வால்வைத் தாண்ட முடியாமல் அது நுரையீரலில் தேங்கினால் தாய்க்கு மூச்சுத் திணறும். பிள்ளை எடை குறைந்தோ நாள் முந்தியோ பிறக்கலாம். முன்பே தெரிந்தால் வழி இருக்கிறது. எக்கோ பார்த்து, தேவைப்பட்டால் பலூன் வைத்து வால்வை விரித்த பிறகு கருத்தரிக்கலாம். லேசான சுருக்கமுள்ள பலர் கண்காணிப்போடு நலமாகவே பெற்றெடுக்கிறார்கள்.

“மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்” என்பதுதான் பின்னால் ஊர் சொல்லும் கதை. சென்னை மருத்துவக் கல்லூரி 2016 முதல் 2019 வரை இதய நோயுள்ள 1005 பெண்களின் 1029 கர்ப்பங்களைப் பதிவுசெய்தது. நாற்பது சதவீதத்துக்கு மேல் ருமாட்டிக் நோய். இறந்தவர்கள் 20 பேர். பத்தில் ஆறு பேருக்குக் கர்ப்பத்தின்போதுதான் நோய் இருப்பதே தெரியவந்தது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. வயிற்றில் ஒரு பிள்ளை வரும்வரை அவர்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கவனித்துக் கேட்டவர் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இதுதான் ஆறவில்லை. மாப்பிள்ளையின் ஈசிஜியை எந்த வீட்டிலும் கேட்டு நான் பார்த்ததுமில்லை.

முதலில் இதய டாக்டரிடம் போய், பிள்ளை பெறலாமா என்று கேட்டுக்கொள் என்றேன். கர்ப்பமானால் முதல் நாளே நர்சம்மாவிடம் சொல் என்றேன். அவனிடமும் சொல் என்றேன். சொல்ல எனக்கு எளிது. மாதச் சம்பளம் வாங்குகிறவள். வாய்மைக்காகச் சொல்லச் சொல்லவில்லை. ஊசி போட அவள் ஒளிந்து போகக் கூடாது.

தலையாட்டினாள். சம்மதமா, மரியாதையா, தெரியவில்லை. அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்டேன்.

“பத்தொன்பதாம் தேதி.”

“கல்யாணம்?”

“பதினேழு. பத்தொன்பது அன்னைக்கு மறுவீட்டுல இருப்பேன், அம்மா.”