விட்டுப்போக முடியாதவர்களிடம் வசூல்

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஓர் அறிவிப்பு விட்டது. அடுத்த ஆண்டுக்கான சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பவர்கள், வழக்கமான விலையேற்றம் போக, கூடுதலாக 10 சதவீதம் கட்ட வேண்டும். அந்த 10 சதவீதத்துக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: ‘டேலண்ட் ஃபீ’, அதாவது திறமைக் கட்டணம். மாணவ ஆட்டக்காரர்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் தரும் காலம் வருகிறது, அந்தப் பணத்தில் ஒரு பங்கை நீங்கள் தாருங்கள் என்று அர்த்தம்.

இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் ரசிகர்களில் ஒரு சாரார் டிக்கெட்டை விட்டுவிடுவார்கள். இன்னொரு சாரார் யோசிக்காமல் கட்டுவார்கள். நடுவில் ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது, திட்டிக்கொண்டே கட்டுகிற கூட்டம். எனக்கு அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். ஒருவனால் ஒன்றை விட்டுப்போக முடியாது என்று தெரிந்துகொண்டு, அந்த இயலாமையையே கணக்கில் வைத்து விலை சொல்வது சரிதானா?

முதலில் இந்த உலகத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஃபுட்பால் என்பது நமக்குத் தெரிந்த கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி முன்னேறும் ஆட்டம். தொழில்முறை லீக் தனியாக இருக்கிறது. ஆனால் தெற்கிலும் நடு மேற்கிலும் பல ஊர்களின் உயிர் கல்லூரி அணியில்தான் இருக்கிறது. 1869 நவம்பர் 6ல் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் ஆடியதைத்தான் முதல் ஆட்டமாகச் சொல்கிறார்கள். இன்று மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரே ‘ஸ்டேட் காலேஜ்’. அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தாலும் மைதானத்தில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். மீதிப் பேர் எங்கெங்கிருந்தோ வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

அப்படி வருகிறவர்கள் ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே வந்து, வண்டியை நிறுத்தி, பிக்கப் லாரியின் பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவதுதான் ‘டெயில்கேட்டிங்’. அந்தப் பின்கதவின் பெயர்தான் டெயில்கேட். மிசிசிப்பியில் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் ‘தி க்ரோவ்’ என்று ஒரு மரத்தோப்பு உண்டு, பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே. அங்கே கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கும், வெள்ளை விரிப்பு போட்ட மேசை இருக்கும். ஆட்டத்தில் தோற்றாலும் விருந்தில் தோற்க மாட்டோம் என்பது அவர்கள் பெருமை. லூசியானாவில் பேட்டன் ரூஜில் பெரிய பெரிய அண்டாக்களில் ஜம்பாலயா கொதிக்கும். எதிரணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவனைக் கிண்டல் செய்துவிட்டு, கையோடு ஒரு தட்டையும் கொடுப்பார்கள்.

நான் படிக்கப் போனது தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு. போய் மூன்றாவது வாரம், சனிக்கிழமை, நூலகத்துக்குப் போகிற வழியெல்லாம் கூடாரமும் புகையுமாக இருந்தது. டிக்கெட்டும் இல்லை, ஆட்டத்தின் விதியும் தெரியாது. ஒரு பெரியவர் கூப்பிட்டு, “சாப்டியா?” என்றுதான் கேட்டார். எந்த நாடு, என்ன படிப்பு என்பதெல்லாம் தட்டில் சோளமும் கோழியும் வைத்த பிறகுதான். அந்த நாட்டுக்கு வந்தபின் யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அந்த அணி என் அணியானது மைதானத்துக்குள் இல்லை, அதற்கு வெளியே, காசு கொடுக்காமல் நின்ற இடத்தில்.

இப்போது அந்த இடத்துக்கு வருவோம். இன்று பெரிய அணிகளின் ஆட்டத்தைக் குடும்பத்தோடு பார்க்க என்னென்ன கட்ட வேண்டும்? டிக்கெட் விலை ஒன்று. நல்ல இருக்கைக்கான டிக்கெட்டை வாங்கும் உரிமைக்காகப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு நிதிக்குத் தரவேண்டிய ‘நன்கொடை’ இன்னொன்று. மைதானத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தவும் பல இடங்களில் நன்கொடைப் புள்ளிகள் வேண்டும். கூடாரம் போட்டு, நாற்காலி அடுக்கி, ஐஸ் நிரப்பி, முடிந்ததும் பெருக்கித் தர நிறுவனங்கள் வந்துவிட்டன. ஒரு காலத்தில் விடியற்காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு என்றிருந்த புல்தரை, பல வளாகங்களில் எண் போட்ட மனைகளாகிவிட்டது. ஆட்டமுள்ள வார இறுதியில் விடுதி அறை இரண்டு இரவுக்குக் குறைந்து கிடைப்பதே அரிது. ஆட்டம் மதியமா ராத்திரியா என்பதைத் தொலைக்காட்சி முடிவு செய்கிறது. பெரும்பாலும் 12 நாளைக்கு முன்பு சொல்வார்கள், சில சமயம் 6 நாள்தான். தூரத்திலிருந்து வருகிறவன் ஒரு ராத்திரிக்கா இரண்டு ராத்திரிக்கா என்று தெரியாமலே அறை போட வேண்டும்.

‘நன்கொடை’ என்ற அந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. இருக்கை உரிமைக்காகக் கொடுக்கும் பணத்தில் 80 சதவீதத்தை தர்மக் கணக்கில் காட்டி வரிவிலக்கு வாங்கலாம் என்று 1988ல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டது. 2017ல் வந்த வரிச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இது தர்மம் இல்லை, விலைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் இன்னமும் அதை நன்கொடை என்றுதான் சொல்கின்றன. கொடுக்கவில்லையென்றால் இருக்கையைப் பறித்துக்கொள்ளும் நன்கொடை!

இதையெல்லாம் நியாயப்படுத்தி இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டும் லேசானவை இல்லை.

முதல் வாதம்: இது அரிசி பருப்பா? பார்க்காவிட்டால் யாரும் சாகப்போவதில்லை. விருப்பமிருந்தால் வாங்கு, இல்லையென்றால் வீட்டில் டிவியில் பார். ஒரு லட்சம் பேர் வாங்கத் தயாராக இருக்கும்போது விலையைக் குறைத்து வைத்தால் இடைத்தரகன்தான் லாபம் பார்ப்பான்.

இரண்டாவது இன்னும் கனமானது. இந்த ஆட்டத்தில் உடம்பைக் கொடுத்தவர்களுக்குப் படிப்புச் செலவைத் தாண்டிப் பெரிதாக எதுவும் கிடைக்காமல் பல தலைமுறைகள் போயின. 2021ல் உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து அவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிந்தது. 2025 ஜூனில் ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. அதன்படி முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2.05 கோடி டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிட்டுக் கொடுக்கலாம். நீ இத்தனை நாள் குறைந்த விலையில் பார்த்தது அவர்கள் கூலியில்லாமல் ஆடியதால்தான், இப்போது நியாயமான கூலி கொடுக்கும்போது அழுதால் எப்படி என்று ஒருவர் கேட்டால், சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வராது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் 2012ல் வெளியான தன் நூலில், மைதானங்களில் பணக்காரர்களுக்கான கண்ணாடி அறைகள் வந்தது பற்றி வருந்துகிறார். முதலாளியும் குமாஸ்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மழையில் நனைந்த இடம் பறிபோகிறது என்பது அவர் கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அந்தப் பழைய மைதானத்தில் பக்கத்தில் உட்கார முடிந்தவர்கள் யார்? 1962ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒற்றைக் கருப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது கலவரம் வெடித்து இரண்டு பேர் செத்தார்கள். அது நடந்தது நான் மேலே சொன்ன தோப்பை ஒட்டிய வளாகத்தில். முந்தின ராத்திரி மாநில ஆளுநர் ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் நின்று கூட்டத்தை உசுப்பிப் பேசியிருந்தார். அந்த ஆண்டு அந்த அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அலபாமாவின் அணிக்குக் கருப்பின வீரர் ஒருவர் உதவித்தொகையோடு வந்தது 1970ல்தான். ஆகவே, ‘அந்தக் காலத்தில் எல்லாருக்கும் இடமிருந்தது’ என்ற ஏக்கத்தை வைத்து என்னால் வாதாட முடியாது. அந்தக் காலத்துப் புல்தரையில் எனக்குத் தட்டு கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம்.

சரி, ஏக்கம் போனது. ரசிகனிடம் வேறு என்ன வாதம் மிச்சமிருக்கிறது?

கூலி வாதத்தை முதலில் எடுப்போம். பணம் வீரர்களுக்குப் போகத் தொடங்கியது அண்மையில். விலை ஏறத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் முன்பு. 1984ல் ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி உரிமையைத் திறந்துவிட்டது. அதிலிருந்து பணம் பெருகியது. 2022ல் பிக் டென் கூட்டமைப்பு மட்டும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. இந்தப் பணம் முதலில் பயிற்சியாளர்களுக்குப் போனது, பிறகு கட்டடங்களுக்கு. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளரை வேலையைவிட்டு அனுப்பியது. அவர் வேலை செய்யாமல் வீட்டுக்குப் போவதற்காக ஒப்புக்கொண்ட தொகை 7.5 கோடி டாலருக்கு மேல். இதற்கு யாரும் டிக்கெட்டில் ‘பயிற்சியாளர் விலகல் கட்டணம்’ என்று தனியாக அச்சடிக்கவில்லை. ஆட்டக்காரனுக்குக் கொடுக்கும்போது மட்டும் கட்டணத்துக்குப் பெயர் முளைக்கிறது. விலை ஏறியதற்கு அந்தப் பையன்தான் காரணம் என்று ரசிகன் நினைத்துக்கொள்வான். கூலி கொடுக்க வேண்டும், சந்தேகமே இல்லை. அந்தக் கூலியைக் கேடயமாகப் பிடிப்பது வேறு விஷயம்.

முதல் வாதத்துக்கு வருகிறேன், சந்தை வாதத்துக்கு. ஒரு கடையில் சரக்கு சரியில்லையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம் என்ற நம்பிக்கையில்தான் ‘விருப்பமிருந்தால் வாங்கு’ என்ற பேச்சுக்கு அர்த்தம் வருகிறது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ல் எழுதிய நூலில், ஒரு நிறுவனம் சீர்கெடும்போது மனிதர்களுக்கு இரண்டு வழி என்கிறார்: வெளியேறுவது, அல்லது இருந்துகொண்டு குரல் கொடுப்பது. விசுவாசம் என்பது வெளியேறுவதைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு நேரம் வாங்கித் தருகிறது. கல்லூரி ஃபுட்பால் ரசிகனிடம் வெளியேறும் வழி கிட்டத்தட்ட இல்லை. ஆபர்ன் ரசிகனுக்கு விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் அலபாமா ரசிகனாக மாறிவிட முடியுமா? நாற்பது வருஷம் கட்டிய குரல் அது. வாரன் செயின்ட் ஜான் என்ற பத்திரிகையாளர் அலபாமா ரசிகர்களோடு ஊர் ஊராகத் திரிந்து 2004ல் ஒரு புத்தகம் எழுதினார். ஆட்ட நாளில் வைத்தாள் என்பதால் சொந்த மகளின் கல்யாணத்துக்கே போகாத ஒரு தம்பதி அதில் வருகிறார்கள் (வரவேற்புக்குப் போய்விட்டார்கள்!). இப்படிப்பட்டவர்களிடம் வைக்கும் விலை, பொருளின் மதிப்பை அளப்பதில்லை. இவனை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதை அளக்கிறது. பூர்வீக வீட்டில் அம்மாவின் நினைவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாடகையை ஏற்றுகிற ஆள் செய்வதும் சந்தை வியாபாரம்தான். ஆனால் அவனை நாம் நல்ல வியாபாரி என்று சொல்வதில்லை.

இன்னொன்று இருக்கிறது. விற்கப்படும் பொருளில் பாதி ரசிகன் செய்தது. 2020ல் கொரோனா காலத்தில் பிக் டென் ஆட்டங்கள் பொதுமக்கள் இல்லாமல் நடந்தன. அந்தப் பருவத்தில் பல மைதானங்களில் இருக்கைகளில் அட்டை மனிதர்களை நிறுத்தினார்கள், ஒலிபெருக்கியில் பதிவு செய்த கூச்சலைப் போட்டார்கள். அந்தக் கூச்சலும் கூட்டமும் இல்லாமல் தொலைக்காட்சிக்கு விற்க முடிந்த ஆட்டம் களைகட்டவில்லை என்பதை அந்த ஒலிபெருக்கி சொன்னது. டெயில்கேட்டிங்கில் இது இன்னும் தெளிவு. அதை எந்தப் பல்கலைக்கழகமும் திட்டம் போட்டு உருவாக்கவில்லை. அடுப்பைக் கொண்டுவந்தது அவர்கள், கறி அவர்களுடையது, தெரியாதவனைக் கூப்பிட்டு உட்காரவைக்கும் பழக்கமும் அவர்களுடையது. பல்கலைக்கழகம் கொடுத்தது நிலம். இன்று அந்த விருந்தைத்தான் ‘அனுபவம்’ என்று பெயரிட்டு, எண் போட்டு, விருந்தை உருவாக்கியவர்களுக்கே விற்கிறார்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அப்பா 1980களில் வாங்கிய இரண்டு இருக்கைகள் அவரிடம் வந்திருந்தன. மைதானத்தைப் புதுப்பித்தபோது அந்த வரிசை உயர்வகுப்பானது. கூடுதல் நன்கொடை கட்டு, இல்லையென்றால் மேல்தளத்துக்குப் போ என்று கடிதம். “காசு இருக்கு. கட்டலாம்தான்,” என்றார். “ஆனா எங்கப்பா உட்கார்ந்த இடம்னு அவங்களுக்குத் தெரியும். அது தெரிஞ்சுதான் அந்த நம்பரைப் போட்டிருக்காங்க.” அவர் கட்டவில்லை. அவர் தங்கை, அப்பாவை விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று ஒரு மாதம் பேசவில்லை.

விசுவாசத்தை அளந்து பார்க்கும் ஆசை எதுவரை போகும் என்பதற்கு அலபாமாவில் ஒரு உதாரணம் உண்டு. 2019ல், ஆட்டம் முடியும் முன்பே வெயில் தாங்காமல் கிளம்பிவிடும் மாணவர்களை நிறுத்திவைக்க ஒரு செயலி கொண்டுவந்தார்கள். செல்பேசி மைதானத்துக்குள் இருக்கிறதா என்று அது பார்க்கும். கடைசிக் கால்பகுதி வரை இருந்தால் அதிகப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டுக்கு முன்னுரிமை. ‘விசுவாசப் புள்ளிகள்’ என்றே பெயர். விசுவாசம் என்று எதைச் சொல்கிறோமோ அது, யாரும் கணக்கெடுக்காதபோதும் கடைசிவரை உட்கார்ந்திருப்பது இல்லையா? கணக்கெடுக்கத் தொடங்கியதும் அது வருகைப் பதிவேடாகிவிட்டது.

என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எல்லா டிக்கெட்டும் மலிவாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடி அறையை எவ்வளவுக்கு விற்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இந்த அணிகளில் பெரும்பாலானவை அரசுப் பல்கலைக்கழகங்களுடையவை, அந்த நிலம் பொது நிலம். டிக்கெட் இல்லாதவனும் அடுப்பு மூட்ட ஒரு துண்டுத் தரை அங்கே விலையில்லாமல் இருக்க வேண்டும். நாற்பது வருஷம் வந்தவனின் இருக்கையை, அவனுடைய நாற்பது வருஷத்தையே காரணமாக்கி ஏலம் விடக் கூடாது. விலையை விலை என்று சொல்ல வேண்டும், நன்கொடை என்று சொல்லக் கூடாது.

ரசிகனுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. எவ்வளவு ஏற்றினாலும் கட்டுவேன் என்பதை விசுவாசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்வரை விலை நிற்காது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனின் விசுவாசத்துக்குத்தான் அந்தப் பக்கம் மரியாதை இருக்கும். என் சகாவின் தங்கை சொன்னது தவறென்று நினைக்கிறேன். அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது அந்த இருக்கை மட்டும் கிடையாது. வழியில் போகிற ஒருவனைக் கூப்பிட்டு “சாப்டியா?” என்று கேட்கும் பழக்கமும் வந்திருக்கிறது. அதற்குக் கட்டணம் வைக்க இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை.