எதைத் தேய்ப்பது, எதைப் பொறுக்குவது

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், பர்டெட் என்ற ஊரை ஒட்டிய பண்ணையில் 1928இல் ஒரு தொலைநோக்கி உருவானது. அதன் தாங்கியில் இருந்த ஓர் உறுப்பு 1910ஆம் வருட பியூக் காரின் கிராங்க் ஷாஃப்ட். இன்னொன்று, பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் பழைய இயந்திரத்திலிருந்து வந்தது. செய்தவர் கிளைட் டோம்பா. அப்போது வயது 22. ஆலங்கட்டி மழை பயிரை அடித்துப்போட்டதில் கல்லூரிக் கனவு கைவிட்டுப்போன விவசாயி மகன். அந்தத் தொலைநோக்கியில் பார்த்து வரைந்த செவ்வாய், வியாழன் படங்களை லோவல் வானாய்வகத்துக்கு அனுப்பினார். வேலைக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது. அங்கே, 1930 பிப்ரவரி 18 அன்று, ஆய்வகத்தின் வேறொரு கருவி எடுத்த புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது புளூட்டோவைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் காயலான் கடைச் சாமான்களில்தான் நிற்பார்கள். கையில் காசில்லாத பையன் கிடைத்ததை வைத்துச் சாதித்தான் என்று முடிப்பார்கள். என்னைப் பிடித்துவைத்திருப்பது அவர் தோண்டிய குழி. 1926இல் செய்த முதல் தொலைநோக்கி அவருக்குத் திருப்தி தரவில்லை. கண்ணாடியின் வளைவைச் சரியாகச் சோதிக்க வேண்டுமானால் காற்று அசையக்கூடாது, வெப்பம் மாறக்கூடாது. அப்படி ஓர் இடம் பண்ணையில் இல்லை. ஆகவே 24 அடி நீளம், 7 அடி அகலம், 8 அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தார். வீட்டாருக்கு அது சூறாவளி வந்தால் பதுங்குகிற இடம். அவருக்கு, கண்ணாடி பொய் சொல்ல முடியாத இடம்.

தாங்கிக்கு ஒரு பழைய காரின் உறுப்பு போதும் என்று இருந்துவிட்டவர், கண்ணாடிக்காக நிலத்தையே வெட்டினார். ஒரே கருவியின் இரண்டு உறுப்புகள்மேல் இப்படி இரண்டு விதமாக மனம் வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. எதைப் பிறர் விட்டுப்போனதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், எதை நானே உட்கார்ந்து செய்தாக வேண்டும்? தொலைநோக்கி உறுப்புகளைக் கையால் செய்ய ஆரம்பித்த பிறகு இந்தக் கேள்வி என்னோடு பட்டறையை விட்டு வெளியேயும் வருகிறது.

கண்ணாடியின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பச்சை ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 550 நானோமீட்டர். நல்ல பிம்பம் வேண்டுமானால் கண்ணாடிப் பரப்பின் மேடுபள்ளம் அதில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சுமார் 70 நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிமனை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஏறத்தாழ அவ்வளவுதான் வரும். இந்த நுட்பத்தைச் சாதாரண மனிதர் வீட்டில் உட்கார்ந்து கையால் எட்டிவிட முடியும் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம். இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, மேல் வட்டை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே, மணல் நிரப்பிய டிரம்மைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது குவியும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் முழுக்க ஒட்டியே இருக்கக்கூடிய வளைபரப்பு கோளப் பரப்பு ஒன்றுதான்; அதனால் இரண்டும் தாமாகவே கோள வடிவத்துக்கு வருகின்றன. பிறகு தூளை நைசாக்கிக்கொண்டே போய், கீல் பூசிய தட்டில் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்ற வேண்டும்.

சோதிக்கும் முறை ஃபூக்கோ 1858இல் கொடுத்தது. ஒரு சிறு ஒளிப்புள்ளி, ஒரு சவர பிளேடு, இவை போதும். கண்ணாடியிலிருந்து திரும்பிவரும் ஒளிக்குக் குறுக்கே பிளேடை மெல்ல நுழைத்தால், கண்ணால் காணவே முடியாத மேடுபள்ளங்கள் நிழலும் வெளிச்சமுமாக மலைபோல எழுந்து நிற்கும். சோதனையின் நடுவில் கட்டைவிரலைக் கண்ணாடிமேல் சில விநாடி வைத்து எடுத்துப் பாருங்கள். விரல் பட்ட இடத்தில் ஒரு குன்று முளைத்திருக்கும். உடம்புச் சூட்டில் கண்ணாடி அவ்வளவு உப்புகிறது. சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அந்தக் குன்றைத் தேய்த்துவிட்டால், ஆறியபின் அங்கே பள்ளம்தான் மிஞ்சும். இந்த வேலையை இன்னொருவரிடம் கொடுத்துச் செய்துவாங்கலாம், கடையிலும் விற்கிறார்கள். ஆனால் நிழலைப் பார்த்து, காத்திருந்து, நாலு தேய்ப்புத் தேய்த்து, மறுபடி நிழலைப் பார்க்கும் பழக்கம் விலைக்கு வராது.

இனி இரும்புக்கு வருகிறேன். காயலான் கடைச் சரக்கு என்றாலே மட்டம் என்று நமக்கு ஓர் எண்ணம். சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் சுற்றியவர்களுக்கு அந்த எண்ணம் போய்விடும். தொலைநோக்கியின் அச்சுக்கு எனக்குக் கிடைத்தது ஒரு பழைய வேனின் முன்சக்கர ஹப். வெளியெல்லாம் துருவும் தார்க் கசடும். எனக்கு லேத் வேலை செய்துதரும் பாயிடம் கொண்டுபோனேன். அவர் துருவைப் பார்க்கவே இல்லை. ஷாஃப்டை வைஸில் பிடித்து, ஹப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் நுனியை இரும்பில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“தேறுமா பாய்?”

“சத்தமே இல்ல சார். கிரீஸ் இருந்த இடத்துக்குள்ள துரு போகாது. வண்டிய ஓட்டினவன் நல்லா வச்சிருந்திருக்கான்.”

மண்ணெண்ணெயில் கழுவியதும் உள்ளிருந்த டேப்பர் ரோலர் பேரிங் பளபளவென்று வெளியே வந்தது. யாரோ ஒரு தொழிலாளி, ஏதோ ஒரு தொழிற்சாலையில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் நுட்பமாகச் சாணை பிடித்த பரப்பு. வண்டி ஓடிக் களைத்து, தகரம் இற்று, எடைக்கு விற்கப்பட்ட பிறகும் அந்த நுட்பம் உள்ளே அப்படியே இருந்தது. அதை நானாகச் செய்ய முயன்றால் என் ஆயுள் போதாது, செய்யவும் தேவையில்லை. டோம்பாவின் கிராங்க் ஷாஃப்டும் இதேதான். பியூக் காருக்காக யாரோ உருட்சி குறையாமல் கடைந்த எஃகு, வியாழனைப் பின்தொடரவும் உதவியது.

எடுத்துக்கொள்வதிலும் நிதானம் வேண்டும். பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நூறு மில்லிமீட்டர் இடைவெளியில் பொருத்திய இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், வானத்தில் அது சுமார் 200 விகலைக் கோணம். வியாழனின் அகலமே 45 விகலைதான். கை பட்டால் கிரகம் தன் உடம்பைப்போல நான்கைந்து மடங்கு தள்ளிக் குதிக்கும். வண்டிச் சக்கரத்துக்குப் போதுமான இறுக்கம் இங்கே போதாது. நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஆட்டம் போனதும் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் சுற்றாது.

இன்னொன்றும் உண்டு. பூமி மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. 200 மடங்கு பெருக்கத்தில் ஒரு கிரகம் ஒரு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். அதைத் துரத்த, தாங்கியின் முதன்மை அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு அந்தந்த ஊரின் அட்சரேகை. ஐரோப்பிய, அமெரிக்கப் புத்தகங்களின் வரைபடங்களில் அச்சு 40, 50 பாகைக்கு எழுந்து நிற்கும். சென்னை 13 பாகை. இங்கே அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது, எதிர் எடை தாங்குகாலில் இடிக்கிறது, பாரம் முழுக்க பேரிங்கின் பக்கவாட்டில் விழுகிறது. வரைபடத்தை அப்படியே எடுத்தால் கருவி நிற்காது. ஹப்பை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். சாய்வை நம் ஊரில் நின்றுதான் அளக்க வேண்டும்.

வாழ்க்கையில் நாம் அடிக்கடி இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். முன்னோர் சாணை பிடித்து வைத்ததை வாங்கிக்கொள்ள நமக்குக் கூச்சம். எல்லாம் என் சொந்த முயற்சி, யாரிடமும் எதுவும் வாங்கவில்லை என்று சொல்லும் ஆசை. வீடு, கல்யாணம், காது குத்து, நாலு பேர் முன்னால் நிற்கும் தோரணை, இவற்றை நுட்பம் பார்த்துப் பார்த்து மெருகேற்றுகிறோம். அங்கெல்லாம் பழைய ஹப் தாராளமாகப் போதும். நம் கையாலேயே தேய்த்தாக வேண்டிய இடத்தில்தான் இரவல் வாங்குகிறோம். ஒரு சித்தப்பாவோடு பேசக்கூடாது என்பதை அப்பாவிடமிருந்து பிள்ளைகள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டை என்னவென்று ஒருநாளும் விளக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. இன்ன சாதி இப்படி, இன்ன ஊர்க்காரர் இப்படி என்ற தீர்ப்புகள் துரு ஏறிய சரக்காகவே கைமாறுகின்றன. நாம் எதற்காக உழைக்கிறோம், எது போதும், யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் குழியில் இறங்கித் தனியே பார்க்க வேண்டிய பரப்புகள். விரல் சூட்டில் எழுந்த குன்றையும் நிஜமான குன்றையும் பிரித்தறிய அங்கே காத்திருக்கத்தான் வேண்டும். கோபம் ஆறும்முன் எடுத்த முடிவுகளைப் பற்றி எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும்.

சொந்த உழைப்பு என்று நாம் மெச்சுவதில் பிறர் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. ராமகிருஷ்ண சங்கத்தின் துறவியாக சான்பிரான்சிஸ்கோவிலும் சாக்ரமெண்டோவிலும் இருந்த ஜான் டாப்சன், கப்பல் ஜன்னலிலிருந்து கழித்த தடித்த கண்ணாடியை எடுத்துத்தான் தொலைநோக்கிக்குத் தேய்த்தார். 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்த பிறகு, நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்திப் போகிற வருகிறவர்களை அழைத்து வானத்தைக் காட்டினார். அவருடைய குழாய் அட்டைக் குழாய், தாங்கி மரப்பலகை. அவற்றில் அவர் மெனக்கெடவே இல்லை. நம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலும் தொடக்கம் எளிமையானதுதான். 1968இல் அங்கே முதலில் நின்றது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி, இங்கேயே செய்தது. 1986இல் அர்ப்பணிக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடியையும் நம்மவர்கள் பெங்களூரில் வைத்துத் தேய்த்தார்கள். வெளியிலிருந்து முழுதாக வாங்கியிருக்கலாம். அந்த ஒரு பரப்பைத் தாங்களே தேய்ப்பது என்று முடிவெடுத்தவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

டோம்பா தன் 1928ஆம் வருடத் தொலைநோக்கியைக் கடைசிவரை விடவில்லை. முதுமையில் நியூ மெக்சிகோ வீட்டின் பின்புறத்தில் அது நின்றது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் கேட்டபோதும், தான் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தேய்த்து முடித்த கண்ணாடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மெருகேற்றிய கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் நான்கு பங்கைத்தான் திருப்பித் தரும். மிச்சம் ஊடுருவிப் போய்விடும். எனவே அதைப் பெட்டியில் வைத்து, வெற்றிடக் கலத்தில் அலுமினியம் பூசித் தருபவர்களிடம் கொடுத்தாக வேண்டும். நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த பரப்பை அன்று முன்பின் தெரியாத ஒருவர் கழுவுவார், தொடுவார். அவர் போடும் படலம் பத்தில் ஒரு மைக்ரான் அளவுதான். கண்ணாடியின் வளைவை அப்படியே பற்றிக்கொள்ளும். அப்புறம் நட்சத்திர ஒளியைத் திருப்புவது அவர் பூசிய அலுமினியம். அதற்கு வடிவம் தருவது மட்டும் என் தேய்ப்பு. கடற்காற்றில் அந்தப் படலம் சில வருடங்களில் மங்கும். அப்போது அதைக் கரைத்துக் கழுவிவிட்டு, அதே கண்ணாடியை மறுபடி யாரிடமாவது பூசக் கொடுக்க வேண்டும்.