பச்சைக்கு யார் விலை கொடுப்பது?

2018இல் சேலத்துக்குப் 'பசுமை' என்ற சொல் ஒரு புது அர்த்தத்தோடு வந்தது. சென்னைக்கும் சேலத்துக்கும் நடுவே 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாயில் ஒரு சாலை. அரசு வைத்த பேர் பசுமை வழிச்சாலை. ஜனங்க வச்ச பேர் எட்டு வழிச்சாலை. ஏற்கெனவே பச்சையாக் கிடக்கிற தோப்பில் அளவுக்கல் நட்டு, என்னத்தப் பசுமையாக்கப் போறாங்க?

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு மாற்றியது. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர்களைத் திரும்ப எழுதச் சொன்னது. அவர் நிலத்தை அவரைக் கேட்காமல் முடிவு செய்யாதே என்று அன்று நம்மில் பலர் விவசாயி பக்கம் நின்றோம். சரிதான். ஆனா அதே நியாயம் பசுமை வளையம் என்ற பேச்சு வரும்போது நம்ம பக்கமே திரும்பிவிடுகிறது.

நகரத்தைச் சுற்றிக் கட்டடம் ஏறாத ஒரு வளையம் வேண்டும் என்கிறோம். சேலத்துக்கு அதில் பாதியை மலைகளே போட்டு வைத்திருக்கின்றன. வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் ஏரிகள், தோட்டங்கள், குச்சிக்கிழங்குக் காடுகள். அந்தக் காட்டில் கலர் கல்லும் 'டிடிசிபி அப்ரூவ்டு' பலகையும் முளைத்தால், "எல்லாம் சைட்டாப் போச்சு" என்று பெருமூச்சு விடுகிறோம். பெருமூச்சு விடுகிற நம்ம வீடும் ஒரு காலத்தில் யாரோ ஒருத்தரின் காடுதான்.

விற்றவரைக் குறை சொல்வது சுலபம். அவர் கணக்கையும் பார்க்கணும். போர்வெல் வருஷா வருஷம் ஆழம் போகிறது. ஜவ்வரிசி மில்லில் கிழங்கின் மாவுச்சத்து எத்தனை பாயின்ட் என்று பார்த்துத்தான் விலை. மகன் காலேஜ், மகள் கல்யாணம், அம்மாவுக்கு ஆபரேஷன் எல்லாத்துக்கும் அந்த ஒன்றரை ஏக்கர்தான் பிஎஃப், இன்சூரன்ஸ். மாஸ்டர் பிளானில் அதை விவசாய மண்டலம் என்று குறித்துவிட்டால் நமக்குக் காற்றும் நிலத்தடி நீரும் கிடைக்கும். அவருக்குக் கிடைப்பது ஒரு பூட்டு.

நிலத்தின் விலை ஏறியது அவர் உழைப்பாலா, ஊர் வளர்ந்ததால்தானே, பிறகு ஏன் ஈடு தரணும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நம்ம வீட்டு மனையின் விலையும் அப்படித்தான் ஏறியது. அந்த லாபத்தை நாம யாருக்கும் திருப்பித் தரவில்லை. ஒரே தர்மம் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி இருக்க முடியாது.

1898இல் எபனேசர் ஹோவர்டு தோட்ட நகரத்தைக் கற்பனை செய்தபோது 1,000 ஏக்கர் நகரம், சுற்றி 5,000 ஏக்கர் வேளாண் நிலம் என்று கணக்குப் போட்டார். இது பலருக்கும் தெரியும். அந்த மொத்த நிலமும் ஊருக்குப் பொதுச் சொத்து, விலை ஏற்றத்தின் லாபமும் பொதுவுக்கே என்று அவர் சொன்னது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லண்டனைச் சுற்றிய நிலங்களுக்கான 1938ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள் நிலத்தை வாங்கிப் பாதுகாக்க வழி செய்தது. பிரிட்டனின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடம் கட்டும் உரிமையை அரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இழப்பீட்டுக்கு 30 கோடி பவுண்டு ஒதுக்கியது. அந்த ஏற்பாட்டில் குறைகள் இருக்கலாம். பச்சைக்கு ஒரு விலை உண்டு, அதை ஊர் சேர்ந்து தரணும் என்ற ஒப்புதல் அதில் இருந்தது. நாம வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பில்லை விவசாயி கையில் கொடுக்கிறோம்.

கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010 வாக்கில் சேலத்து மக்களே சேர்ந்து தூர்வாரினார்கள். அந்த மண்ணைத் திட்டுகளாக்கி மரம் நட்டார்கள், பறவைகள் வந்தன. பச்சைக்காகத் தன் நேரத்தையும் காசையும் தருகிற மனசு ஊருக்கு உண்டு என்பதற்கு அது சாட்சி. ஆனால் ஏரி பொதுச் சொத்து. தனி ஆளின் காட்டுக்கு நாம என்ன தருகிறோம்? சேர்வராயனில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்துக்குள் நுழைந்து, சாக்கடையையும் சாயத்தையும் சுமந்துகொண்டு நாமக்கல் வயல்களுக்குப் போகிறது. நம்ம நகரம் அந்தப் பச்சைக்கு இப்போது அனுப்புகிற பங்கு அதுதான்.

மனை விற்பனை வரியில் ஒரு பகுதியை நிலத்தைப் பயிராகவே வைத்திருப்பவருக்கு ஏக்கர் கணக்கில் வருஷா வருஷம் தரலாம். ஆற்றைச் சுத்தம் செய்து அனுப்பலாம். அவர் நிலத்தைப் பற்றிய கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடலாம். இதில் எதற்கும் தயாரில்லை என்றால், அடுத்த முறை கலர் கல்லைப் பார்த்து வருத்தப்படும் உரிமையும் நமக்குக் கிடையாது.