தன்வேதனையும் ஒரு காட்சி

எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போட்டுக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துதான் டீ குடிக்க வேண்டும். குன்னூர்க் குளிரில் அதைக் காலை விரதமாகவே ஏற்றுக்கொண்டேன். மாத்திரையும் தன் வேலையைச் செய்தது, டி.எஸ்.எச். அளவு சரியாக வந்தது. ஆனால் உள்ளங்கால் எரிந்தது. விரல்கள் மரத்துப்போயின. மாலையானால் உடம்பு காந்தும், தெர்மாமீட்டரில் காய்ச்சல் காட்டாது. பெட்போர்டிலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு ஒரே மூச்சில் நடந்து பழகியவள், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இங்கேயும் காட்டினேன்; பர்லியார் வழியாக மலை இறங்கிக் கோயம்புத்தூரிலும் காட்டினேன். “ரிப்போர்ட்ல ஒண்ணுமே இல்லீங்கம்மா, டென்ஷனைக் குறைச்சுக்குங்க” என்றார் ஒரு டாக்டர். கோயிலில் பார்த்த அக்கா ஒருவர், “முன்வினைங்க டீச்சர், அனுபவிச்சுத்தான் தீரணும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையாதீங்க, ஈஸ்வரன் பார்த்துக்குவான்” என்றார். இருவரும் என் மேல் அக்கறை உள்ளவர்கள். ஒருவர் விஞ்ஞானத்தின் பெயராலும் மற்றவர் சமயத்தின் பெயராலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: இனித் தேடாதே.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சைவ சித்தாந்தம் படித்தவள். நோய்க்குக் காரணம் தேடி அலைவது நம்பிக்கைக் குறைவா என்ற கேள்வி என்னை உறுத்தியது. விடையைச் சாத்திரத்திலேயே தேடினேன்.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், எதைக் கொண்டு ஒன்றை உண்மை என்று துணிவது என்பதை முதலில் வரையறுக்கிறது. காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்து, காட்சியை மறுபடி நான்காகப் பிரிக்கிறது: வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி. தனக்கு நேரும் இன்ப துன்பங்களை உயிர் நேராக அறிவது தன்வேதனைக்காட்சி. நம் முன்னோர் அதை ஊகத்தில் சேர்க்கவில்லை. பிரமை என்று தள்ளவும் இல்லை. கண்ணால் கண்டதை வைத்த வரிசையிலேயே வைத்தார்கள்.

அப்படியானால் கால் எரிகிறது என்று நான் அறிவது காட்சி. ஏன் எரிகிறது என்பது கருதல். அதில் நானும் தவறலாம், டாக்டரும் தவறலாம். “காரணம் இன்னும் பிடிபடலீங்க” என்று அவர் சொல்லியிருந்தால் அது நேர்மையான பதில். “ஒண்ணுமே இல்லை” என்று சொல்ல எந்த ரத்தப் பரிசோதனையும் அவருக்கு இடம் தருவதில்லை. அவர் தேடியது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு எங்கள் மலையிலேயே சான்று உண்டு. ராபர்ட் மெக்காரிசன் கில்கிட் பகுதியில் முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர்; சந்தேகப்பட்ட தண்ணீரின் கசடைத் தானும் குடித்துப் பார்த்தவர். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சத்துக்குறைவு நோய்களை ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறிய ஆய்வகம் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. உடம்பில் இருக்கும் கிருமி மட்டுமல்ல, இல்லாமல் போன சத்தும் மனிதனை வீழ்த்தும் என்பது அன்றைக்குப் புதிய எண்ணம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தது 1952இல். அதற்கு முன் தலைமுறை தலைமுறையாக மூட்டுவலியில் துடித்த பிள்ளைகளின் வலி பொய்யா? பெயர் பிந்தி வந்தது. வலி எப்போதும் மெய்யாகவே இருந்தது.

வினை என்றதற்கு என்ன பதில்? அப்பர் பெருமானை நினைக்கிறேன். தருமசேனர் என்ற பெயரோடு சமணத் துறவியாக இருந்தபோது சூலை அவர் குடலை முறுக்கியது. உடனிருந்தவர்கள் முயன்று பார்த்துக் கைவிட்டார்கள். சூலை கொடுத்தே இறைவன் ஆட்கொண்டான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த முடிவு சேக்கிழாருக்குத் தெரியும், துடித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியாது. திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகத்தில், தான் செய்த கொடுமை எதுவென்று தனக்குத் தெரியவில்லை என்கிறார்; வயிற்றுக்குள் குடலோடு வலி எப்படிப் பின்னுகிறது என்று சொல்கிறார்; தீர்த்தருளச் சொல்லிக் கெஞ்சுகிறார். ‘அனுபவித்தே தீர்க்கிறேன்’ என்று அவர் பேசாமல் கிடக்கவில்லை. தமக்கை திலகவதியாரும், ‘சைவத்தை விட்டுப் போனாய் அல்லவா, படு’ என்று சொல்லவில்லை. இரவில் வந்து விழுந்த தம்பியை ஏற்றுக்கொண்டு திருநீறு தந்தார். வினைக் கொள்கை அவரவர் தம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டியது. அடுத்தவர் வலிக்குத் தீர்ப்பு எழுத அதை எடுப்பது சைவம் ஆகாது.

எனக்கு வழி திறந்தது வயதான ஒரு டாக்டரம்மாவிடம். கோப்பைத் திறக்குமுன் செருப்பைக் கழற்றச் சொன்னார். இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, “அதிர்வு தெரியுதாம்மா? நின்னதும் சொல்லுங்க” என்றார். அவர் கை விரலில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது, எனக்கு நின்றுவிட்டது. மறுபடி கணுக்காலில், பிறகு முழங்காலில். நான் சொல்லும் சொல்தான் அங்கே அளவுகோல். பி12 பார்க்கச் சொன்னார், மிகவும் குறைந்திருந்தது. தைராய்டை உடம்பின் எதிர்ப்பாற்றலே தாக்கும் சிலருக்கு, பி12ஐ உடம்பு உறிஞ்ச முடியாமல் செய்யும் கோளாறும் சேர்ந்து வருவதுண்டு. நான் சைவச் சாப்பாடு வேறு. ஊசி போட்ட பிறகு எரிச்சல் தணிந்தது. மாலைக் காந்தலுக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன், காலையில் திருநீறும் பூசுகிறேன். ஒன்றுக்கு மற்றது தடையாக எனக்குத் தோன்றவில்லை. ஆராயும் அறிவும் அவன் தந்ததுதானே.

நான் பாடம் சொன்ன பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் கொழுந்து பறிப்பவர்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. “கை மரத்துப்போகுது டீச்சர், சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க” என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள். காரணம் கண்டுபிடிப்பது எல்லோராலும் முடியாது. வலிக்கிறது என்பவரை நம்புவது எல்லோராலும் முடியும். அதைச் செய்யாத மருத்துவமும் குறையுடையது, பக்தியும் குறையுடையது.