ஆட்டப் பாடமும் உபாதியும்

சதுரங்கம் கற்க வருபவருக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம், பலகையின் நடுவைப் பிடி என்பது. சீனத்தில் தோன்றி ஜப்பானிலும் கொரியாவிலும் வேரூன்றிய கோ ஆட்டத்தைக் கற்பவருக்கு அதே கட்டத்தில் சொல்லப்படுவது நேர் எதிரானது: முதலில் மூலை, அடுத்து ஓரம், நடு கடைசியில். இரண்டும் பல தலைமுறை அனுபவத்தில் தேறிய பாடங்கள். தத்தம் ஆட்டத்தில் இரண்டுமே சரி. அப்படியானால் ஓர் ஆட்டத்தில் கற்ற உத்தியை இன்னோர் ஆட்டத்துக்குக் கொண்டுபோகலாமா? ஆட்டக்காரர்களின் சில்லறைக் கேள்வி போலத் தோன்றினாலும், ஓரிடத்தில் மெய்யென்று கண்டதை வேறோரிடத்திலும் மெய்யென்று கொள்ள என்ன உரிமை இருக்கிறது என்ற பழைய தத்துவச் சிக்கல்தான் இதற்குள் இருக்கிறது. இந்தியத் தர்க்கம் அதில் நிறைய உழைத்திருக்கிறது.

பாடங்களுக்கான காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். காலியான சதுரங்கப் பலகையின் மூலையில் நிற்கும் குதிரைக்குப் போக இரண்டே கட்டங்கள் உண்டு. நடுவில் நின்றால் எட்டு. பிஷப்புக்கு மூலையில் ஏழு, நடுவில் பதின்மூன்று. ராணிக்கு 21, 27. யானை மட்டும் விலக்கு: காலிப் பலகையில் எங்கே நிறுத்தினாலும் அதற்குப் பதினான்கு கட்டங்கள்தான். ஆக, நடுவுக்கென்று தனி மகிமை ஏதும் இல்லை. பலகையின் விளிம்பு காயின் வீச்சை வெட்டுகிறது. விளிம்பிலிருந்து விலகி நின்றால் வெட்டு குறைகிறது. வெட்டே படாத யானைக்கு இந்தப் பாடம் சதுரங்கத்துக்குள்ளேயே செல்லுபடியாவதில்லை.

கோ ஆட்டத்தில் கல் நகர்வதே இல்லை. 19க்கு 19 கோடுகள் வெட்டும் 361 புள்ளிகளில் ஒன்றில் வைத்த கல், பிடிபடும்வரை அங்கேயே இருக்கும். வெற்றி, சூழ்ந்த இடத்தைப் பொறுத்தது. மூன்றுக்கு மூன்று என ஒன்பது புள்ளிகளைச் சூழ வேண்டுமென்றால் நடுப்பலகையில் பன்னிரண்டு கற்கள் தேவை. ஓரத்தில் ஒன்பது போதும். மூலையில் ஆறே ஆறு, ஏனென்றால் இரண்டு பக்கம் விளிம்பே சுவராக நிற்கிறது. இரண்டு ஆட்டங்களிலும் வேலை செய்வது ஒரே உண்மைதான்: விளிம்புக்கு அப்பால் பலகை இல்லை. சதுரங்கத்தில் அது தன் காயின் வீச்சைக் குறைக்கிறது; கோ ஆட்டத்தில் எதிராளியின் தப்பும் வழியை அடைக்கிறது. ஒரே உண்மையிலிருந்து எதிரெதிர்ப் பாடங்கள்.

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் காண்பதுபோல: இந்தியத் தர்க்கத்தில் நியாய மரபினரான நையாயிகர் அனுமானத்துக்குச் சொல்லும் வழக்கமான எடுத்துக்காட்டு இது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் விளக்கும் பௌத்த அளவையிலும் பக்கம், ஏது, திட்டாந்தம் என்ற உறுப்புகளோடு இதே புகையும் அடுக்களையும் வருகின்றன. அடுக்களையில் கற்றது மலைக்குச் செல்ல வேண்டுமானால், புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற விலகாத தொடர்பு, அதாவது வியாப்தி, இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அது உடைகிறது. நெருப்புள்ள இடமெல்லாம் புகை இருப்பதில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகு சேரும்போதுதான் புகை வருகிறது. கண்ணில் படாமல் ஒளிந்திருந்து தொடர்பைத் தாங்கும் இத்தகைய நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். புகை உள்ள இடத்தில் அது தவறாமல் இருக்கும், நெருப்புள்ள இடமெல்லாம் இருக்காது. பதினான்காம் நூற்றாண்டில் மிதிலையைச் சேர்ந்த கங்கேசர் எழுதிய தத்துவசிந்தாமணி உபாதியை நுணுக்கி நுணுக்கி ஆராய்கிறது.

நடுவைப் பிடி என்ற பாடத்தின் உபாதி, காய் நகர வேண்டும், அதன் வீச்சை விளிம்பு வெட்ட வேண்டும் என்பது. மூலையைப் பிடி என்பதன் உபாதி, சூழ்தலே நோக்கமாக இருக்க வேண்டும், விளிம்பு சுவராக உதவ வேண்டும் என்பது. உபாதியைப் பெயர் சொல்லி எடுத்துவிட்டால் பாடம் தனக்குரிய இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது. சதுரங்கத்தின் இறுதிக் கட்டத்தில் ராஜாவும் யானையும் சேர்ந்து, தனித்து நிற்கும் எதிரி ராஜாவை மடக்கும் நிலையை எடுத்துக்கொள்ளலாம். எதிரி ராஜா நடுப்பலகையில் இருக்கும்வரை அதற்கு மாத் வைக்கவே முடியாது. ஓரத்துக்குத் தள்ளிய பிறகே முடியும். அங்கே நோக்கம் சூழ்தல், விளிம்பு சுவர். கோ ஆட்டத்தின் மூலைப் பாடம் சதுரங்கத் தொடக்கத்தில் தோற்று, அதே சதுரங்கத்தின் முடிவில் உயிர்பெறுகிறது. பாடத்தைச் சூத்திரமாக மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது தட்டுப்படாது.

பாதுகாப்பு என்ற பாடத்திலும் இதே கதைதான். காய்களைத் தனியே விடாதே, ஒன்றுக்கு ஒன்று துணையாக நிறுத்து என்று சதுரங்கமும் சொல்கிறது, ஆடுபுலி ஆட்டமும் சொல்கிறது. சதுரங்கத்தில் துணை என்பது மிரட்டல்: இதை வெட்டினால் உன்னை வெட்டுவேன். ஆட்டுக்கு அந்த அதிகாரம் இல்லை. எந்த ஆட்டாலும் எந்தப் புலியையும் வெட்ட முடியாது. புலி ஆட்டைத் தாண்டி நேர் பின்னால் உள்ள காலிப் புள்ளியில் இறங்கித்தான் வெட்டும் என்பதால், அந்தப் புள்ளியில் இன்னோர் ஆடு நின்றால் முன்னால் நிற்பது தப்பிக்கிறது. சதுரங்கப் பழக்கத்தில் ஆடுகளைப் பக்கவாட்டில் நிறுத்தி, துணை இருக்கிறது என்று நம்பினால், புலி வரிசையாகத் தின்றுவிடும்.

பகடை சேரும் ஆட்டங்களில் இன்னும் ஆழமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. சதுரங்கத்தில் தோற்றவர் ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்து, எந்த நகர்வில் சறுக்கினோம் என்று தேடுவார்; பெரும்பாலும் கண்டும் பிடிப்பார். தாயக்கட்டையிலும் பேக்கமனிலும் சரியான நகர்வைச் செய்துவிட்டும் தோற்கலாம், மடத்தனமாக ஆடியும் ஜெயிக்கலாம். சதுரங்கக்காரர் தன் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால், விழாத தாயத்துக்குத் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டு, சரியாக இருந்த உத்தியை மாற்றிக் கெடுப்பார். தாயக்காரர் தன் சமாதானத்தைச் சதுரங்கத்துக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு தோல்வியும் போதாத வேளையாகிவிடும். வாழ்க்கை இந்த இரண்டில் எதைப்போன்றது என்பதைச் சமயங்கள் விவாதித்துக்கொண்டே இருக்கின்றன. துன்பத்தில் கிடப்பவரிடம் வந்து, நீ எப்போதோ செய்ததன் பலன் இது என்று சொல்பவர், உலகம் பகடையில்லாத ஆட்டம் என்று முன்பே தீர்மானித்துவிட்டவர். வினைக் கொள்கையை இப்படி அவசரமாகக் கையாள்வது கொள்கைக்கும் நல்லதல்ல, கேட்பவருக்கும் நல்லதல்ல.

எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான ஒரே உத்திநூல் எழுத முடியுமா? முயன்றவர் இமானுவேல் லாஸ்கர். 1894 முதல் 1921 வரை உலகச் சதுரங்க சாம்பியன், கணித அறிஞர், தத்துவமும் எழுதியவர். போர், வணிகம், ஆட்டம் என்று போராட்டம் நடக்கும் இடமெல்லாம் செல்லுபடியாகும் விதிகளைத் தேடி 1907இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே போராட்டம் என்பதுதான். சக்தியை வீணாக்காமல் செலவிடுவதே அவர் விதிகளின் சாரம். அதை மறுக்க முடியாது. நடுவில் குதிரையை வைப்பதும் சிக்கனம், மூலையில் கல்லை வைப்பதும் சிக்கனம். ஆனால் அடுத்த கல்லை எங்கே வைப்பது என்று கேட்டால் சிக்கனம் வாய் திறக்காது. எங்கும் பொருந்தும்படி பாடத்தை விரிக்க விரிக்க, அதில் சொல்வதற்கு இருப்பது குறைந்துகொண்டே போகிறது. விளையாட்டு என்று அழைக்கப்படும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே இயல்பு இல்லை, ஒரு குடும்பத்து முகச்சாயல்போல ஒன்றோடொன்று பின்னிய ஒப்புமைகளே உண்டு என்று விட்கென்ஸ்டைன் சொன்னது சரியென்றால், லாஸ்கர் தேடிய நூலுக்குப் பொருளே இல்லை என்றுகூட வாதிடலாம்.

லாஸ்கரின் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. பெர்லினில் அவருக்குக் கோ ஆட்டத்தை அறிமுகப்படுத்திய எட்வர்ட் லாஸ்கர் (இவரும் சதுரங்க மாஸ்டர்) பின்னாளில் ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார். ஜப்பானிலிருந்து வந்த வலுவான ஆட்டக்காரர் ஒருவர் இவர்களுக்கு ஒன்பது கற்களை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்ளக் கொடுத்து ஆடினார். சேர்ந்து கலந்து யோசித்து ஆடியும் இவர்கள் தோற்றார்கள். உலகின் தலைசிறந்த சதுரங்க மூளை ஒன்பது கல் சலுகையோடும் கரையேறவில்லை.

உளவியல் ஆய்வுகளும் இந்தத் திசையில்தான் பேசுகின்றன. தார்ண்டைக்கும் உட்வொர்த்தும் 1901இல் வெளியிட்ட சோதனைகளில், ஒருவகை வடிவங்களின் பரப்பை மதிப்பிடப் பழகியவர்களின் தேர்ச்சி வேறு வடிவங்களுக்கு அவ்வளவாகப் பரவவில்லை. இரு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவே பயிற்சி கடக்கும் என்பது அவர்கள் முடிவு. சேஸும் சைமனும் 1973இல் காட்டியது இதைவிடக் கூர்மையானது. உண்மை ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி பார்த்த சதுரங்க மாஸ்டர், காய்களில் பெரும்பாலானவற்றைச் சரியாகத் திரும்ப அடுக்குவார். அதே காய்களை மனம்போனபடி கலைத்து வைத்துக் காட்டினால், கற்றுக்குட்டியைவிட அதிகம் தேறமாட்டார். பலகையும் காய்களும் மாறவில்லை; பழகிய ஒழுங்கு மட்டும்தான் போனது.

2017இல் டீப்மைண்ட் வெளியிட்ட ஆல்ஃபாஸீரோ என்ற நிரல், சதுரங்கம், ஜப்பானியச் சதுரங்கமான ஷோகி, கோ மூன்றிலும் தனக்கு முந்தைய வலுவான நிரல்களை வென்றது. ஒரே அறிவு மூன்று ஆட்டங்களை வென்றது என்று பலர் புரிந்துகொண்டார்கள். உண்மையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனி வலைப்பின்னல், சுழியத்திலிருந்து தனித்தனிப் பயிற்சி. கோ கற்ற பின்னல் சதுரங்கத்துக்கு எதையும் கொண்டுவரவில்லை. கடந்து வந்தது, தன்னோடு தானே ஆடிக் கற்கும் முறை. அந்த முறை பொதுவாவதற்கும் ஒரு விலை இருந்தது. கோ பலகையைச் சுழற்றினாலும் கண்ணாடியில் பார்த்தாலும் ஆட்டம் மாறாது என்ற அனுகூலத்தை முந்தைய நிரலான ஆல்ஃபாகோ ஸீரோ பயன்படுத்தியது. சதுரங்கத்தில் சிப்பாய் முன்னால் மட்டுமே போகும் என்பதால் அந்தச் சமச்சீர் அங்கே இல்லை. ஆகவே ஆல்ஃபாஸீரோ அதைக் கைவிட்டது.

அனுமானத்தை அளவையாக ஏற்காத உலகாயதர் இங்கே குறுக்கிடலாம். எத்தனை உபாதிகளைக் கண்டுபிடித்தாலும், கண்டுபிடிக்காத இன்னொன்று ஒளிந்திருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? உத்தரவாதம் இல்லைதான். உபாதி இல்லை என்று ஒரே ஆட்டத்துக்குள் இருந்தபடி நிறுவவும் முடியாது. சதுரங்கம் மட்டுமே ஆடியவருக்குக் காய் நகரும் என்பது நிபந்தனையாகவே படாது. அது அவருக்கு ஆட்டம் என்பதன் இயல்பு. கல் நகராத ஒரு பலகையின் முன் உட்கார்ந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது. இரும்புக் குண்டைப் பார்க்காதவருக்கு ஈர விறகு தோன்றாததுபோலத்தான். எல்லையற்ற ஐயத்துக்கு நையாயிகர் தரும் பதிலும் நடைமுறையைச் சார்ந்தது: புகை வேண்டி நெருப்பு மூட்டப் போகிறவர் அந்தத் தொடர்பையே ஐயுறுவதாகச் சொன்னால், அவர் செயலே அவரை மறுக்கிறது. விலக்கு ஒன்று எதிர்ப்படும்வரை பாடத்தைக் கைக்கொள்ளலாம். எதிர்ப்பட்டதும் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம், நிபந்தனையைச் சேர்த்துத் திருத்தினால் போதும்.

இதில் இன்னோர் ஆட்டம் என்பது எங்கே தொடங்குகிறது என்பதும் பெயரைப் பொறுத்ததில்லை. கோ ஆட்டத்தில் புதியவர்களைப் பெரும்பாலும் 9க்கு 9 பலகையில்தான் பழக்குகிறார்கள். விதிகள் எல்லாம் அவையே, கற்களும் அவையே. ஆனால் அந்தச் சிறு பலகையில் முதல் கல்லை நட்டநடுப் புள்ளியில் வைப்பது நன்கறியப்பட்ட தொடக்கம். விளிம்பு நான்கு பக்கமும் நாலெட்டில் இருப்பதால், நடுவில் வைத்த ஒரு கல் எல்லா மூலையின் சண்டையிலும் தலையிடும்.